இருதயராஜ் ஒட்டியது

நான் ஷூ கம்பெனியில் க்வாலிட்டி செக்கர். குறை கண்டுபிடிப்பது என் உத்தியோகம். பதினாறு வருடமாக லைன் முடிவில் நின்று, நூல் விட்டிருக்கிறதா, பசை வழிந்திருக்கிறதா, இடதும் வலதும் ஒரே நிறமா என்று திருப்பித் திருப்பிப் பார்த்து, வீட்டுக்கு வந்தாலும் கண் அடங்காது. சோற்றில் கல், பேச்சில் பொய், எல்லாம் பட்டென்று தெரிந்துவிடும். "உன்னைக் கட்டிக்கினு நானும் தெனம் இன்ஸ்பெக்ஷன்ல நிக்கறேன், பில்கிஸ்" என்பார் என் வீட்டுக்காரர் ரஃபி அகமது. அப்படிப்பட்ட நான் ஒரு விஷயத்தில் கோட்டை விட்டேன். அதுவும் என் சொந்த வேலையில், எதிர்வீட்டு விஷயத்தில்.

எதிர்வீட்டு இருதயராஜ் அண்ணனும் எங்கள் கம்பெனிதான். சோல் ஒட்டும் பிரிவில் இருபத்தாறு வருடம். மேல்தோலுக்கு அடியிலும் சோலுக்கு மேலும் சொல்யூஷன் தடவி, காயவிட்டு, சூடு காட்டி, மிஷினில் வைத்து அமுக்குவார். ஆம்பூரில் ஷூ ஒட்டும் பசைக்கு சொல்யூஷன் என்றுதான் பெயர். ஒட்டியது தாங்குமா என்று குறடு போட்டு இழுத்துப் பார்ப்பது என் வேலை. தோல் கிழிந்து வரும், அவர் ஒட்டியது பிரியாது. பதினாறு வருடத்தில் அவருடைய ஒரு ஜோடியைக்கூட நான் தள்ளியதில்லை. அந்த மனுஷனுக்குக் குடி இல்லை, பீடி இல்லை, தெருச்சண்டை இல்லை. "நான் ஒட்னா ஒட்னதுதான்" என்கிற ஒரே ஒரு கர்வம் மட்டும் இருந்தது. ஒரு மனுஷனுக்கு அதுகூட இல்லாவிட்டால் எப்படி?

அவர் மனைவி அமிர்தவள்ளி அக்காவுக்கு ஒடுகத்தூர்ப் பக்கம். தையல் லைனில் வேலை. ஊருக்குப் போய் வந்தால் என் பங்குக்கு ஒரு படி வேர்க்கடலை வந்துவிடும். ஒரே பிள்ளை ஜோசுவா. பி.காம். முடித்தவன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குக் கோயிலில் பேஸ் கிட்டார் வாசிப்பான். நாலே நாலு தடித்த கம்பி, அடிவயிற்றில் போய் உட்காருகிற ஓசை. எனக்குப் பாட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் அவன் வீட்டில் பழகினால் என் சமையல்கட்டில் அடுக்கிய தட்டுகள் நடுங்கும். "உன் புள்ள பிராக்டிஸ்ல இருக்கான்னு என் தட்டு சொல்லுதுக்கா" என்று கிண்டல் பண்ணுவேன்.

வேலை கிடைக்கிற வரைக்கும் சும்மா ஏன் இருக்க வேண்டும் என்று அண்ணன்தான் அவனைக் கம்பெனியில் சேர்த்துவிட்டார். தோல் வெட்டும் பிரஸ்ஸில் போட்டார்கள். அந்த மிஷினில் இரண்டு கையும் இரண்டு பொத்தானை அழுத்தினால்தான் மேல் இரும்பு இறங்க வேண்டும். டார்கெட் அவசரத்துக்கு ஒரு பொத்தானை டேப் போட்டு அமுக்கி வைத்திருந்தார்கள். ஆடிட் வருகிற நாளில் மட்டும் டேப்பைப் பிரிப்பார்கள். இது எனக்குத் தெரியும், எல்லோருக்கும் தெரியும். நான் ஷூவைச் செக் பண்ணினேனே தவிர மிஷினைச் செக் பண்ணவில்லை. அந்த வெட்கம் எனக்கு இருக்கட்டும்.

போன செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை. நாலு மணிக்குக் கோயிலில் பாட்டுப் பயிற்சி. "நைனா, நான் கெளம்பட்டா?" என்று ஜோசுவா வந்து கேட்டான். சூப்பர்வைசர் பக்கத்தில் நின்றிருந்தான். அண்ணன் சூப்பர்வைசர் முகத்தைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார். "இன்னும் ஒரு மணி நேரம் இருப்பா, லோடு போவணுமாம்" என்றார். நாலு இருபதுக்கு இடது கையின் மோதிர விரலும் சுண்டு விரலும் போய்விட்டன.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளிலிருந்து ஜோசுவா அப்பாவிடம் பேசவில்லை. சத்தம் போடவில்லை, குற்றம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எல்லாம் அம்மா வழியாகத்தான். "அம்மா, அவருக்கு சோறு போடு." "அம்மா, அவருக்கு போன் வந்துச்சு." நைனா என்கிற வார்த்தையே அந்த வீட்டை விட்டுப் போய்விட்டது. கிட்டாரை எடுத்து உறையில் போட்டு, நாட்றம்பள்ளியில் யாரோ தோஸ்த் கேட்டான் என்று கொடுத்துவிட்டான். தோலைக் கையால் தொடமாட்டேன் என்றான். பர்ஸைக்கூட மாற்றி ரெக்ஸின் பர்ஸ் வாங்கிக்கொண்டான்.

"பில்கிஸ்மா, அடிச்சாக்கூட வாங்கிக்குவேன்" என்று ஒரு நாள் கம்பெனி வேனில் அண்ணன் என்னிடம் சொன்னார். "ஒரே ஒரு தரம் நைனான்னு கூப்ட்டா போதும்மா. திட்றதுக்காவது கூப்படட்டும்."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

நவம்பர் மழையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் கறிக்கு வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தேன். வாசலிலேயே நின்றார்.

"பில்கிஸ்மா, வலது கால் பேட்டர்னத் திருப்பிப் போட்டு வெட்னா இன்னா வரும்?"

"இடது கால் வரும். இது ஒரு கேள்வியாண்ணே? இருவத்தாறு வருஷம் வேல செஞ்சவரு கேக்கற கேள்வியா?"

"கிட்டாரும் அப்டித்தானே?"

எனக்குப் புரியவில்லை. உள்ளே வந்து உட்கார்ந்து, இரண்டு கையையும் காற்றில் நீட்டிக் காட்டினார். எல்லோரும் இடது கை விரல்களால் கம்பியை அழுத்துவார்கள், வலது கையால் மீட்டுவார்கள். அழுத்துவதற்கு நாலு விரல் வேண்டும். பேஸ் கிட்டாரை மீட்டுவதற்கு வேண்டியது ஆள்காட்டி விரலும் நடுவிரலும்தான்.

"மீட்டறதுக்கு ரெண்டு விரல் போதும்மா. அந்த ரெண்டும் அவனுக்கு இருக்கு. அப்டியே திருப்பிப் போட்டு செஞ்சுட்டா, வலது கையால அழுத்துவான், இடது கையால மீட்டுவான்."

"கடைல வாங்கக் கூடாதா?" என்று கேட்டார் ரஃபி.

"வேலூர்ல போய் கேட்டேன் பாய். எடது கைக்கு ஆர்டர் போட்டுதான் வரணுமாம். வந்தாலும் அளவு எப்டியோன்றான். செருப்புக்கே அளவு பாக்கறோம். வெரல் போனவனுக்குக் கடைல தொங்கறதயா வாங்கி மாட்டுவேன்? எம்புள்ள கைக்கு நான் செய்யறேன்."

ரஃபிக்குத் தொழில் பழைய டேனரிகளைப் பிரிக்கிறபோது வருகிற மரத்தை வாங்கி விற்பது. தோல் ஊறவைத்துச் சுழற்றுகிற பெரிய மர டிரம் ஒன்று அப்போதுதான் பிரித்து வந்திருந்தது. நாற்பது வருடம் தண்ணீரிலும் சுண்ணாம்பிலும் உருண்ட தேக்குப் பலகை, இரும்பு மாதிரி இருக்கும். அதில் இரண்டு பலகையைப் பொறுக்கி, சைக்கிளில் வைத்துக் கட்டிக்கொண்டு போனார் அண்ணன்.

அன்றிலிருந்து அந்த வீட்டின் பின்கட்டு பட்டறை ஆனது. கோயில் கிட்டாரை ஒரு வாரம் இரவல் வாங்கி வந்து, பேட்டர்ன் அட்டையில் வைத்து ஊசியால் குத்திக் குத்தி அளவு எடுத்தார். அட்டையைத் திருப்பிப் போட்டார். கம்பெனி விட்டு ஆறரைக்கு வந்ததும் ஒரு டம்ளர் டீ, பிறகு அரம். பலகையைத் தேய்க்கத் தேய்க்க நாற்பது வருடச் சுண்ணாம்பும் பச்சைத்தோலும் நாறிக்கொண்டு கிளம்பியது.

"பகல்லாம் அந்த நாத்தம்தான். வூட்டுக்குள்ளயும் டேனரியக் கொணாந்து வெக்கணுமா?" என்று அமிர்தவள்ளி அக்கா மூக்கைப் பொத்திக்கொண்டு கத்தினார். கத்தினாரே தவிர, மறுநாள் அவரே தேய்க்கிற காகிதம் வாங்கி வந்தார்.

கையளவு எடுத்த கதையைச் சொன்னால் சிரிப்பு வரும். பிள்ளையிடம் நேராகக் கேட்க அண்ணனுக்கு வாய் வரவில்லை. அக்கா ஒரு வெள்ளைத்தாளும் பேனாவுமாகப் போனார். நான் வேர்க்கடலை உரித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தேன்.

"டேய், கைய இதுல வெய்யி. ஆஸ்பத்திரில கேட்டாங்க."

"எந்தக் கை?"

"வலது கை."

ஜோசுவா நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தான். அடிபட்ட கை இடது கை. எந்த ஆஸ்பத்திரி நல்ல கையின் அளவு கேட்கும்? பின்கட்டில் அரம் தேய்க்கிற சத்தம் நின்றிருந்தது. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார் என்று எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரிந்திருக்கும். வலது கையை விரித்துத் தாளில் வைத்தான். அக்கா கோடு போட்டார். கோடு வளைந்து வளைந்து போனது.

கம்பி, அதை முறுக்குகிற சாவி, ஓசையை இழுக்கிற காந்தம் எல்லாம் சென்னையிலிருந்து பார்சலில் வந்தன. உடம்பு தயாரானது. கம்பி ஓடுகிற நீளக் கட்டையும் தயாரானது. நெக் என்று கோயில் பையன்கள் சொன்னார்கள், நாங்கள் கழுத்து என்றே சொன்னோம். கழுத்தை உடம்போடு சேர்க்கிற நாள் வந்தது. உடம்பில் ஒரு பள்ளம் வெட்டி, கழுத்தின் அடியை அதில் உட்காரவைக்க வேண்டும். ரஃபியும் நானும் போய் நின்றோம்.

பள்ளம் கொஞ்சம் லூசாக இருந்தது. சொல்யூஷன் இரண்டு பூச்சுக்கும், நடுவில் வைக்கிற தோல் பட்டைக்கும் இடம் விட்டுத்தான் ஷூவில் வெட்டுவார்கள். அந்தக் கைப்பழக்கம் மரத்திலும் வந்துவிட்டது.

"அண்ணே, இதுக்கு நாலு ஸ்க்ரூ போடுங்க" என்றார் ரஃபி. "இல்லாட்டி ஆசாரிங்க போட்ற மரப்பசையப் போடுங்க. ஷூ சொல்யூஷன் வேணாம். அது ரப்பரு. இழுத்தா நீண்டு குடுக்கும்."

"குடுக்கணும் பாய். குடுத்தாதான் ஒடையாது. நடக்கும்போது சோல் வளையலியா?"

"அரே, இது நடக்கறதில்லயே. நாலு கம்பியும் சேந்து ஒரு ஆள் வெயிட்டுக்கு இழுத்துக்கினே இருக்கும். ராவும் பகலும் இழுக்கும். வெயில் வேற வருது."

"ஸ்க்ரூவா? ஆணி அடிச்ச ஷூவ எந்த வெளிநாட்டு பையர் எடுப்பான்? இருவத்தாறு வருஷம் ஒட்டியிருக்கேன். ஜெர்மனிக்குப் போயிருக்கு, இத்தாலிக்குப் போயிருக்கு. ஒரு ஜோடி திரும்பி வந்திருக்கா? கேளு, உம் பொண்டாட்டியத்தான் கேளு."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். அங்கேதான் நான் கோட்டை விட்டேன்.

"நீங்க சும்மா இருங்க" என்று என் வீட்டுக்காரரை அடக்கினேன். "அண்ணன் ஒட்னத நான் குறடு போட்டு இழுத்துப் பாத்தவ. உங்களுக்கு மரத்த விக்கத்தான் தெரியும்."

சூட்டில் ஒட்டுகிற சொல்யூஷன் சூட்டில் இளகும். இதை நான் யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. தப்பாக ஒட்டின சோலைப் பிரிக்க நாங்களே சூடு காட்டுவோம். தினம் கண்ணெதிரில் நடப்பது. மே மாதம் தகரக் கூரைக்கு அடியில் என்ன சூடு இருக்கும் என்று அந்த நேரத்தில் என் புத்தியில் ஏறவே இல்லை. அவர் முகத்தில் ஐந்தாறு மாதத்துக்குப் பிறகு ஒரு வெளிச்சம் வந்திருந்தது. அதைத்தான் பார்த்தேன்.

இரண்டு பூச்சு தடவி, காயவிட்டு, அக்காவின் இஸ்திரிப் பெட்டியால் சூடு காட்டி, கழுத்தைப் பள்ளத்தில் வைத்து, மேலே அம்மிக்கல்லைத் தூக்கி வைத்தார்.

கடைசியாக ஒரு வார் செய்தார். கிட்டாரைத் தோளில் மாட்டுகிற வார். நல்ல பழுப்பு மாட்டுத்தோல், ஓரமெல்லாம் சீவி மடித்துத் தைத்து, பக்கிள் போட்டு, பக்கிளுக்கு அப்பால் ஒரு முழம் வாலாகத் தொங்கவிட்டார். "இன்னாத்துக்குண்ணே இவ்ளோ நீளம்?" என்றேன். "நின்னுக்கினு வாசிப்பான், ஒக்காந்துக்கினு வாசிப்பான். அவனுக்கு எப்டி வேணுமோ அப்டி வெச்சுக்கட்டும்" என்றார். தோலைத் தொடமாட்டேன் என்றவனுக்குத் தோலில் வார் செய்கிறாரே என்று எனக்கு உறுத்தியது. அவருக்குத் தெரிந்தது தோல் ஒன்றுதானே, பாவம்.

மார்ச் முதல் வாரம் அதைக் கட்டிலில் வைத்துவிட்டு, பிள்ளை முகத்தைப் பார்க்காமல் வேலைக்குப் போய்விட்டார். அன்றைக்கு நான் லீவு போட்டிருந்தேன். பத்து மணி இருக்கும், குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். அலமாரியில் தட்டுகள் நடுங்கின. புளிக் கையோடு ஓடினேன். கதவு சாத்தியிருந்தது. உள்ளே ஒரே ஓசையைத் திரும்பத் திரும்ப, அ எழுதிப் பழகுகிற பிள்ளை மாதிரி அடித்துக்கொண்டிருந்தான். நான் சந்தில் நின்று அழுதேன். பால்காரன் என்னவோ ஏதோ என்று சைக்கிளை நிறுத்திவிட்டான்.

சாயங்காலம் சொன்னபோது அண்ணன், "வாசிச்சானா? நெஜமா வாசிச்சானா? கம்பி தாங்குச்சா?" என்று மூன்று தரம் கேட்டார்.

அப்புறம் தினமும் வாசித்தான். கையை மாற்றிப் பழகுவது லேசா? வலது கையால் எழுதுகிறவன் இடது கையால் எழுதுகிற கஷ்டம். ஆனாலும் ஏப்ரல் கடைசிக்குள் பாட்டுக்குப் பாட்டு தொடர்ந்துவிட்டான். மே மாதம் கோயில் பிரதிஷ்டைப் பண்டிகையில் நீ வாசி என்று பாஸ்டர் ஐயரே வந்து சொல்லிவிட்டுப் போனார். அப்பாவிடம் மட்டும் பேச்சு வரவில்லை. "அம்மா, ஸ்ட்ராப் நல்லா இருக்குதுன்னு அவருகிட்ட சொல்லு" என்றானாம். அக்கா அதை அண்ணனிடம் சொல்ல, அண்ணன் அதை என்னிடம் வந்து சொல்ல, எங்கள் லைன் முழுக்கத் தெரிந்துவிட்டது.

காலையில் கதவைச் சாத்திக்கொண்டு சுருதி சேர்ப்பான். முதலில் ஐந்து நிமிஷம். பிறகு கால் மணி. வெயில் ஏற ஏற அரை மணி ஆனது. "பாத்தியா, எவ்ளோ அக்கறையா சுருதி கூட்றான்" என்று அண்ணன் பெருமைப்படுவார். வாரின் வாலும் குட்டையாகிக்கொண்டே வந்தது. "மிச்சத்த வெட்டிட்டு அவன் அளவுக்கு சரி பண்ணிக்கறான்" என்று அதற்கும் ஒரு பெருமை. தோலைத் தொட ஆரம்பித்துவிட்டானே! குறை சொல்லியே பிழைக்கிற நானும் அதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், ஒன்றும் கேட்கவில்லை.

பண்டிகை ஞாயிற்றுக்கிழமை. கத்திரி வெயில். கோயில் கொள்ளாது என்று வெளியே தகரப் பந்தல் போட்டிருந்தார்கள். அமிர்தவள்ளி அக்கா என்னையும் ரஃபியையும் கையைப் பிடித்து இழுக்காத குறையாக அழைத்துப் போய்க் கடைசி வரிசையில் உட்காரவைத்தார். அண்ணன் வெள்ளைச் சட்டை, புது வேட்டி. கல்யாண வீட்டில் பெண்ணைப் பெற்றவர் மாதிரி உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் தூணோரமாக இருந்தார். ஜோசுவா மேடையில் வாரை மாட்டிக்கொண்டு நின்றான். இரண்டு விரல் இல்லாத கையை அவன் ஊர் முன்னால் நீட்டியது அன்றைக்குத்தான்.

முதல் பாட்டு நன்றாகப் போனது. இரண்டாவதும் போனது. தகரம் கொதித்தது, என் பர்தாவுக்குள் வேர்வை ஓடியது. மூன்றாவது பாட்டின் நடுவில் ஓசை சோர்ந்து இழுத்தது. அவன் குனிந்து சாவியைத் திருகினான். மறுபடி சோர்ந்தது. மறுபடி திருகினான். அப்புறம் மைக் வழியாகப் பந்தல் முழுக்கக் கேட்கிற மாதிரி ஒரு சத்தம். கழுத்து உடம்பை விட்டு வாய் பிளந்து எழுந்து நின்றது. நாலு கம்பியும் தொளதொளவென்று தொங்கின.

பாட்டு நின்றது. முன் வரிசையில் ஒருவர் பக்கத்து ஆளிடம் சொல்கிற மாதிரி எல்லோருக்கும் சொன்னார்: "வூட்ல செஞ்சா இப்டித்தான். செருப்பு ஒட்றவன் கிட்டார் செஞ்சா வேற இன்னா ஆவும்?"

நான் தூண் பக்கம் திரும்பினேன். அண்ணன் இல்லை. செருப்புகூடப் போடாமல் கொதிக்கிற ரோட்டில் நடந்து போய்க்கொண்டிருந்தார்.

அதனால்தான் அதற்கப்புறம் நடந்ததை அவர் கேட்கவில்லை. நான் கேட்டேன், ரஃபி கேட்டார், பந்தலே கேட்டது. ஜோசுவா அந்த ஆளைப் பார்த்து மைக்கிலேயே சொன்னான்: "எங்க நைனா ஒட்னது நல்லாத்தான் இருந்துச்சு. நான்தான் ஜாஸ்தியா முறுக்கிட்டேன்."

சாயங்காலம் போய்ச் சொன்னேன். பின்கட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். பாதம் இரண்டும் கொப்புளித்திருந்தது. அக்கா எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, நைனான்னு சொன்னான். எங்க நைனான்னு சொன்னான்."

"சும்மா சொல்றம்மா."

"அல்லா மேல சத்தியமா சொல்றேன். நீங்க ஒட்னது நல்லாத்தான் இருந்துச்சாம்."

"எம் மனசு தேறட்டும்னு சொல்ற. நீ நல்லவ. வூட்டுக்குப் போம்மா." பாதத்தை அக்காவிடமிருந்து இழுத்துக்கொண்டு, "அன்னிக்கு ஒரு மணி நேரம் நிக்க வெச்சு வெரல எடுத்தேன். இன்னிக்கு ஊரக் கூட்டி மானத்த எடுத்தேன்" என்றார்.

"ஒட்டலாம்னு சொன்னது நானுந்தான்ணே" என்றேன். அவர் காதில் விழுந்ததா தெரியவில்லை.

பத்து நாளில் ஜோசுவா சென்னைக்குக் கிளம்பிவிட்டான். சரக்கு அனுப்புகிற ஆபீஸ் ஒன்றில் கம்ப்யூட்டர் வேலை. எப்போதோ எழுதிப் போட்டிருந்தானாம். அக்கா புளிச்சோறு கட்டிக் கொடுத்தார், கடலை வறுத்துக் கொடுத்தார். அண்ணன் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் பையைத் தூக்கிக்கொண்டு பத்தடி பின்னாலேயே போனார். அவன் பையை வாங்கிக்கொண்டு ஒரு நிமிஷம் நின்றானாம். "அம்மா, அவர வெயில்ல நிக்க வேணாம்னு சொல்லு" என்றானாம். பஸ் போய்விட்டது.

கிட்டார் அப்படியே கட்டிலில் கிடந்தது. அக்கா தினம் மகனுக்குப் போன் பண்ணுவார். அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து, போனிலிருந்து கசிகிற குரலைக் கேட்பார். கையில் வாங்க மாட்டார்.

ஜூனில் முதல் மழை பெய்த மறுநாள் என்னைக் கூப்பிட்டார். "பில்கிஸ்மா, பாய் சொன்ன மாதிரி ஸ்க்ரூ போட்டு வெக்கலாம்னு பாக்கறேன். வந்து கொஞ்சம் புடி. வாசிக்க ஆள் இல்லாட்டியும் பொருளு ஒடஞ்சு கெடக்கக் கூடாது."

இஸ்திரிப் பெட்டியால் சூடு காட்டி, ஒரு பக்கம் நானும் மறுபக்கம் அவருமாகப் பிடித்து இழுத்தோம். கழுத்து நூல் நூலாகப் பசையை இழுத்துக்கொண்டு வெளியே வந்தது. பள்ளத்தின் ஓரத்திலிருந்து எதுவோ உதிர்ந்து தரையில் விழுந்தது. குனிந்து எடுத்தேன். தோல். விரல் நகம் அகலத்துக்குச் சின்னத் துண்டு, ஆப்பு மாதிரி ஒரு நுனி மெலிதாகச் சீவியது. பள்ளத்தின் ஓரம் முழுக்க அந்த மாதிரித் துண்டுகள், ஒன்றின் மேல் ஒன்றாகச் செருகியிருந்தன. பழுப்பு மாட்டுத்தோல்.

"இது இன்னாது? நான் வெக்கலியே" என்றார் அண்ணன்.

நான் ஒன்றை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். பதினாறு வருடக் கண் இந்த முறை ஏமாறவில்லை. ஒரு பக்கம் சீராகச் சீவியிருந்தது. மறுபக்கம் கத்தி தடுமாறியிருந்தது. தோலைப் பிடித்த கை வழுக்கியிருக்கிறது. மூன்று விரலால் பிடித்தால் வழுக்காமல் என்ன செய்யும்?

கட்டில் மேல் கிடந்த வாரை எடுத்து, குட்டையாகிப்போன வால் பக்கத்தில் துண்டை வைத்துக் காட்டினேன். அதே தோல், அதே தடிமன்.

"அண்ணே, அளவு சரி பண்ண வெட்டலண்ணே. நீங்க ஒட்னது மொத வாரமே நவுர ஆரம்பிச்சிருக்கு. கழுத்து சாயச் சாய வால வெட்டி ஆப்பு வெச்சிருக்கான். அரை மணி நேரம் சுருதி கூட்னான்னு சொன்னீங்களே, அது இதுதான்."

அமிர்தவள்ளி அக்கா கதவோரம் வந்து நின்றிருந்தார். "கதவ சாத்திக்கினு இன்னாடா பண்றன்னு ஒரு நாள் கேட்டேன்" என்றார். "அவருக்குத் தெரிஞ்சா பேஜாராயிடுவாரு, நீ போம்மான்னான். எனக்கு இன்னான்னு புரியல."

அண்ணன் ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வரிசை வைத்தார். ஏழு துண்டு. கடைசித் துண்டு மற்றதைவிட நன்றாகச் சீவியிருந்தது. பழகியிருக்கிறான். அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, "பந்தல்ல நைனான்னு சொன்னானா?" என்று கேட்டார்.

"அன்னிக்கே சொன்னேனே."

அக்கா போனை எடுத்து நம்பரைப் போட்டு அவர் கையில் திணித்தார். இந்தத் தடவை வாங்கிக்கொண்டார். மணி அடித்தது, எடுத்துவிட்டான். "சொல்லும்மா" என்கிற குரல் எனக்கே கேட்டது. பின்னால் சென்னை பஸ் சத்தம். அண்ணன் தொண்டையைச் செருமினார். செருமலிலேயே ஆள் யாரென்று தெரிந்திருக்க வேண்டும், அந்தப் பக்கமும் பேச்சு நின்றுவிட்டது.

"ஏழு துண்டு இருந்துச்சுப்பா" என்றார்.

ரொம்ப நேரம் பஸ் சத்தம் மட்டும் கேட்டது. வைத்துவிட்டானோ என்று அக்கா எட்டிப் போனைப் பார்த்தார். வைக்கவில்லை.

அவன் என்னவோ சொன்னான். எனக்குக் கேட்கவில்லை. பிறகு போன் கட்டானது. அண்ணன் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. இன்னொரு கையால் பள்ளத்தில் பசைக்கு அடியில் நோண்டிக்கொண்டே இருந்தார். கண்ணிலிருந்து தண்ணீர் மரத்தின் மேல் சொட்டியது, துடைக்கவில்லை.

"இன்னா சொன்னான்?" என்று அக்கா உலுக்கினார். "சொல்லேன்யா, இன்னா சொன்னான்?"

அவர் விரல் நுனியில் ஒரு துண்டு ஒட்டிக்கொண்டு வந்தது. எங்களுக்குக் காட்டினார்.

"எட்டு, நைனான்னான்."